பெயர் வைக்கப்படாத கொட்டகை
பினோதினி தாசியும் கைவிடுதலின் வரலாறும்

1

காதலன் கைவிட்டான்; அவள் மேடை ஏறினாள்; பேரும் புகழும் வந்தது; ஆனாலும் உள்ளுக்குள் அழுதுகொண்டே இருந்தாள். இந்த நாலு வரிக் கதையை நாம் எத்தனை தரம் பார்த்திருப்போம்! தொடர்கதையில், திரைப்படத்தில், வாரப் பத்திரிகைகள் எழுதும் 'நடிகையின் கதை'யில் எல்லாம் இதேதான். ஆள் மாறும், ஊர் மாறும், கதைப்பின்னல் மட்டும் மாறாது. இந்தக் கதையாடலுக்குள் இரண்டு அனுமானங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, ஒரு பெண் கலைக்கு வருவது வேறு போக்கிடம் இல்லாததால்தான். கல்யாணம் கூடிவந்திருந்தால் அவள் ஏன் அரிதாரம் பூசப் போகிறாள்? இரண்டு, கைவிடுதல் என்பது ஒரு தனி ஆணின் துரோகம். அவன் நல்லவனாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆக, வேலை என்பது ஆறுதலாகிவிடுகிறது. அமைப்பு என்பது ஒரு ஆளின் குணக்கேடாகிவிடுகிறது.

இதை மறுத்து வாசிக்க ஒரு பெண்ணின் வாழ்க்கை நம்மிடம் இருக்கிறது. அதுவும் அவரே எழுதிவைத்த பிரதியாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தா மேடையின் முதன்மை நடிகை பினோதினி தாசி. 1863 வாக்கில் பிறந்தார். 1874இல் மேடைக்கு வந்தார். 1887 ஜனவரி முதல் தேதியோடு மேடையை விட்டார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் உயிரோடிருந்து 1941 பிப்ரவரியில் இறந்தார். நடித்தது ஏறக்குறைய 12 வருஷம். போட்ட வேஷங்கள் 80க்கும் மேல். அவர் கைவிடப்பட்டவர்தான், சந்தேகமில்லை. ஆனால் எத்தனை தரம், யாரால் என்று கேட்கும்போதுதான் அந்த நாலு வரிக் கதை உடைய ஆரம்பிக்கிறது.

தமிழில் இதை எழுத உட்காரும்போதே ஒரு சிக்கல். நம் நாடக வரலாற்று நூல்களில் ஆசிரியர் 'வந்தார்', நடிகை 'வந்தாள்'. எம்.ஏ. படித்த காலத்தில் நாடகத் தாளுக்காக நாங்கள் உருப்போட்டதெல்லாம் இந்த விகுதிகளோடு சேர்த்துத்தான். சுவாமிகள், முதலியார், பிள்ளை என்று பட்டங்கள் வரிசையாக வரும். பெண் நடிகர்களுக்கு ஒரு பத்தி, அதுவும் 'கவர்ச்சி' என்ற சொல்லோடு முடியும். இந்தக் கட்டுரை பினோதினியை 'அவர்' என்றே எழுதுகிறது. இது மரியாதைக்காக மட்டுமில்லை. யார் தன்னிலை, யார் வெறும் பொருள் என்பதை விகுதி தீர்மானித்துவிடுகிறது என்பதற்காகவும்தான்.

2

கார்ன்வாலிஸ் தெருவில் 145ஆம் எண் வீடு. பாட்டி, அம்மா, ஒரு தம்பி. ஒட்டுக்குடித்தனம் வைத்துப் பிழைக்கிற வீடு. பரத்தையர் குடியிருப்பு என்று ஊர் ஒதுக்கிய பகுதி. வறுமை தாங்காமல் பாட்டி ஒரு காரியம் செய்கிறார்: ஐந்து வயதுப் பேரனுக்கு இரண்டரை வயதுப் பெண்ணைக் கட்டிவைத்து, வந்த நகைகளை விற்றுக் குடும்பம் கொஞ்ச நாள் ஓடுகிறது. பிறகு அந்தத் தம்பியும் இறந்துபோகிறான். பினோதினிக்கும் சிறுவயதிலேயே கல்யாணம் நடந்ததாம். மாப்பிள்ளைப் பையனை அவன் பக்கத்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து அழைத்துக்கொண்டு போனார், பிறகு அவன் வரவேயில்லை என்று பினோதினி எழுதுகிறார். முதல் கைவிடுதல் இது. அழுகையோ வசனமோ கிடையாது. குழந்தை மணம், நகை, வறுமை - இந்தக் கணக்குக்குள் ஒரு வரவு செலவு, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் குடியிருந்த கங்கா பாயி என்ற பாடகியிடம் சிறுமி பாட்டுக் கற்றுக்கொள்கிறார். கங்காவின் பாட்டைக் கேட்க வந்த இரண்டு பெரிய மனிதர்கள் மூலமாக கிரேட் நேஷனல் தியேட்டரில் வேலை கிடைக்கிறது. மாதம் 10 ரூபாய் சம்பளம். 1874 டிசம்பர், 'சத்ரு சம்ஹாரம்' நாடகத்தில் திரௌபதியின் தோழி. சின்ன வேஷம். அப்போது அவருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காதல் தோல்வியால் வந்தவர் இல்லை அவர். சோற்றுக்காக வந்தவர். அந்தப் பத்து ரூபாய் ஒரு வீட்டின் அடுப்பை எரித்த பணம். கலை என்பது பின்னால் வந்தது. வந்தபோது முழுசாக வந்தது. நம் கதையாடல்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. ஒரு ஆண் நாடகக்காரர் வயிற்றுக்காக மேடைக்கு வந்தால் 'வறுமையிலும் கலையை வளர்த்தார்' என்கிறோம். பெண் வந்தால் அதற்கு ஒரு காதலனைத் தேடுகிறோம்.

அவர் வந்து சேர்ந்த மேடைக்கே அப்போது வயது கம்மி. கல்கத்தாவின் பொது மேடையில் பெண் வேஷத்தைப் பெண்களே போடலாம் என்று வங்காள தியேட்டர் முடிவெடுத்தது 1873இல். அந்த யோசனையை வற்புறுத்தியவர் மைக்கேல் மதுசூதன் தத். நான்கு பெண்கள் எடுக்கப்பட்டார்கள். நான்கு பேரும் பரத்தையர் தெருவிலிருந்து. வேறெங்கிருந்து வருவார்கள்? 'குடும்பப் பெண்' வாசல் தாண்ட முடியாத ஊரில், தாண்டியவள் எல்லாம் பரத்தை என்று ஏற்கெனவே முத்திரை குத்தியாகிவிட்டதே. இந்த முடிவை ஏற்காமல் அந்தத் தியேட்டரின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகியவர் யார் தெரியுமா? ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1856இன் விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடிய அதே வித்யாசாகர்! விதவைக்கு மறுவாழ்வு தர சீர்திருத்தத்துக்கு முடிந்தது. பரத்தைக்குச் சம்பளம் தர முடியவில்லை. ஏனென்றால் முதலாவது, பெண்ணை மறுபடி குடும்பத்துக்குள் கொண்டுவருவது. இரண்டாவது, அவள் வெளியிலேயே நின்று பிழைக்க வழிசெய்வது. சீர்திருத்தத்தின் எல்லைக்கோடு இந்த இடத்தில்தான் போகிறது.

அந்த நால்வரில் ஒருவர் கோலாப், பின்னாளில் சுகுமாரி தத். 1872ஆம் வருஷத்துப் பதிவுத் திருமணச் சட்டப்படி ஒரு கனவான் வீட்டு இளைஞரோடு இவருக்குக் கல்யாணம் நடந்தது. புரட்சிதான். ஆனால் ஊர் ஒதுக்கியது, மாப்பிள்ளை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிப் போய்ட்டார். சுகுமாரி மறுபடியும் மேடைக்கே வந்தார், பிழைத்தார், 1875இல் ஒரு நாடகமும் எழுதினார். முற்போக்கான கல்யாணம் கைவிட்டது, இழிந்த தொழில் கைகொடுத்தது. இதை எந்தச் சீர்திருத்த வரலாற்றில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

3

மேடை என்பது மினுக்கல் என்று நினைப்பவர்களுக்கு 1875ஆம் வருஷத்து வட இந்தியப் பயணத்தைச் சொல்ல வேண்டும். தில்லி, லாகூர், மதுரா, பிருந்தாவனம், லக்னோ என்று கம்பெனி ஊர் ஊராகப் போகிறது. லக்னோவில் 'நீல் தர்ப்பண்'. அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரர்களின் கொடுமையைச் சொல்லும் தீனபந்து மித்ராவின் நாடகம். பெண்ணை இழுத்துவந்த துரையைத் தோரப் என்ற விவசாயி அடிக்கிற காட்சி வந்ததும் பார்வையாளர் வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து மேடைக்கே பாய்ந்துவிட்டார்கள். திரை விழுகிறது. பெண்கள் உள்ளே ஒடுங்கி நடுங்குகிறார்கள். அன்றைக்கு நாடகம் முடியவில்லை; கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பியது. பயந்து நடுங்கிய அந்தக் கூட்டத்தில் பினோதினியும் ஒருவர். தேசிய எழுச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 'நீல் தர்ப்ப'ணை எழுதியவரைச் சொல்வார்கள், அதை ஆங்கிலத்தில் வெளியிட்டுச் சிறை போன பாதிரியார் ஜேம்ஸ் லாங்கைச் சொல்வார்கள். மேடையில் உடம்பை நிறுத்தியவர்களை யார் சொல்கிறார்கள்?

அடுத்த வருஷமே, 1876இல், நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வருகிறது. வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டல் செய்த நாடகம், அதைத் தொடர்ந்த தடைகள், கிரேட் நேஷனல்காரர்களின் கைது - இவற்றின் முடிவாக வந்த சட்டம். அரசுக்கு எதிரானது, ஆபாசமானது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் தடைசெய்த சட்டம் என்பதுதான் இதில் முக்கியம். அரசியலும் பெண்ணுடலும் ஒரே கத்தரிக்கோலுக்குள். வங்காளத்தில் பிறந்த இந்தச் சட்டத்தின் வாரிசு நமக்கும் அந்நியமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து இங்கே நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, காலனி ஆட்சியின் அதே வாசகங்கள்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்தன.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு கல்கத்தா மேடை புராணத்துக்குத் திரும்பியது. பினோதினியின் உச்சகாலமும் அதுதான். வங்காள தியேட்டரில் பங்கிம் சந்திரரின் 'மிருணாளினி'யில் மனோரமா. நாடகம் பார்க்க வந்த பங்கிம், தான் எழுத்தில் படைத்தவளை உயிரோடு பார்த்ததாக வியந்தாராம். பிறகு நேஷனல் தியேட்டரில் கிரீஷ் சந்திர கோஷின் கீழே. மதுசூதனரின் 'மேகநாதவத காவிய'த்தை கிரீஷ் நாடகமாக்கியபோது ஒரே இரவில் ஏழு வேஷம் போட்டார் பினோதினி. பிரமீளாவும் அவரே, சீதையும் அவரே. கிரீஷ் பாடம் சொல்லிக்கொடுத்தது மாத்திரமில்லை. இங்கிலாந்து நடிகைகளின் கதைகள், ஷேக்ஸ்பியர், மில்டன் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பேசிக் கற்பித்தார். பினோதினி இதை நன்றியோடு திரும்பத் திரும்ப எழுதுகிறார். அந்த நன்றி உண்மையானது. அதே கிரீஷ்தான் பின்னால் வேறொரு காரியத்துக்கும் துணைநின்றார். இரண்டும் ஒரே ஆள்தான். கெட்டவன் ஒருவனைக் கண்டுபிடித்து ஆறுதலடைய முடியாத கதை இது.

1881இல் நேஷனல் தியேட்டர் பிரதாப் சந்த் ஜஹுரி என்ற வியாபாரியின் கைக்குப் போகிறது. கணக்குப் புத்தகம், வருகைப் பதிவு, எல்லாம் ஆபீஸ் மாதிரி. பினோதினி 15 நாள் லீவில் காசிக்குப் போகிறார். அங்கே உடம்புக்கு முடியாமல் ஒரு மாசம் ஆகிவிடுகிறது. திரும்பிவந்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்கிறார் முதலாளி. சண்டை. சம்பளச் சண்டைதான் அது. நடிகையின் 'கர்வம்' இல்லை. இந்தத் தகராறிலிருந்துதான் நமக்கென்று ஒரு தியேட்டர் வேண்டும் என்ற பேச்சு கிரீஷ் வட்டாரத்தில் சூடுபிடிக்கிறது.

4

இந்த இடத்தில்தான் காதலன் வருகிறான், அந்த நாலு வரிக் கதையின் நாயகன். பினோதினி அப்போது ஒரு பணக்கார வீட்டு இளைஞரின் ஆதரவில் இருந்தார். அவர் பெயரைப் பினோதினி எழுதவில்லை. கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அந்த பாபு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டார். பினோதினிக்கு வலித்தது, அதை மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் அந்த வலியோடு அவர் ஓடிப்போய் மேடை ஏறவில்லை. மேடையில் ஏறி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது! கைவிடப்பட்டபோது அவர் ஏற்கெனவே கல்கத்தாவின் முதன்மை நடிகை.

அதே நேரத்தில் குர்முக் ராய் என்ற மார்வாடி இளைஞர் வருகிறார். புது தியேட்டர் கட்டப் பணம் போடத் தயார். ஒரே நிபந்தனை, பினோதினி அவருக்கு வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டுக் கூடி நின்ற நடிகர்கள், ஆசிரியர்கள், படித்த கனவான்கள் யாரும் வெட்கப்பட்டுத் தலைகுனியவில்லை. கூடி நின்று பினோதினியை வேண்டிக்கொண்டார்கள். கலைக்காக, நம் எல்லோருக்காக என்றார்கள். பழைய ஆளை விட்டுப் புது ஆளிடம் போவதா என்று அவர் அல்லாடியிருக்கிறார். பரத்தைக்கு ஏது விசுவாசம் என்று ஊர் சொல்லும் இடத்தில், விசுவாசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டவர் பரத்தை மட்டும்தான். கடைசியில் ஒத்துக்கொண்டார். சமாசாரம் தெரிந்து பழைய பாபு ஆட்களோடு தகராறுக்கு வர, பினோதினியைக் கொஞ்ச காலம் ஊருக்கு வெளியே மறைத்துவைத்தார்கள்.

பிறகு ஒரு விடியற்காலை. படுக்கையறைக்குள் வாளோடு வந்து நிற்கிறார் அந்த பாபு. தியேட்டரை விட்டுவிடு, ஆயிரக்கணக்கில் பணம் தருகிறேன் என்கிறார். வாக்குக் கொடுத்துவிட்டேன், முடியாது என்கிறார் பினோதினி. வாள் வீசப்படுகிறது, அவர் குனிந்துகொள்ள, வெட்டு பக்கத்திலிருந்த மேஜை ஆர்மோனியத்தில் விழுகிறது. பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசியே அந்த ஆளை ஆற்றி அனுப்புகிறார்.

சினிமாவுக்கு உகந்த காட்சிதான். ஆனால் இதைக் காதலின் வெறி என்று வாசித்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம். தான் கல்யாணம் செய்துகொள்ளலாம், அவள் மட்டும் காத்திருக்க வேண்டும் என்பது அந்த வாளின் தர்க்கம். அவள் வேறொரு ஆளிடம் போனது மட்டும் அவரைக் கோபப்படுத்தவில்லை. வேலையை விட முடியாது என்றது அதைவிடக் கோபப்படுத்தியது. வெட்டுப்பட்டது ஆர்மோனியம் என்பது தற்செயல். ஆனாலும் வரலாறு சில சமயம் தற்செயலாகவே சரியான இடத்தில் வெட்டுகிறது.

குர்முக் ராயும் ஒரு கட்டத்தில் வேறு விதமாகப் பேசிப் பார்க்கிறார்: தியேட்டர் எல்லாம் எதற்கு, 50,000 ரூபாய் தந்துவிடுகிறேன். 1883ஆம் வருஷத்து ஐம்பதாயிரம்! பத்து ரூபாய்ச் சம்பளத்தில் ஆரம்பித்த ஒரு பெண், மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும் பணத்தை வேண்டாம் என்கிறார். கொட்டகைதான் வேண்டும் என்கிறார். புகழாசை என்பீர்களா? இருக்கட்டும். தனக்கென்று ஒரு வேலைத்தலம் வேண்டும் என்று ஒரு தொழிலாளி நினைப்பதற்கும் அதே பெயர்தான் வைப்பீர்களா?

5

பீடன் தெருவில் 68ஆம் எண் மனையில் கொட்டகை எழும்புகிறது. கூலியாட்களோடு சேர்ந்து தானும் மண் சுமந்ததாகப் பினோதினி எழுதுகிறார். அவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து 'பி தியேட்டர்' என்று பெயரிடுவதாக எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவர் சாகும்வரை அந்தப் பெயர் நிற்கும் என்றார்கள். பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். ஆவலோடு கேட்கிறார். என்ன பெயர்? 'ஸ்டார்'.

இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வராமல் நின்றதாக எழுதுகிறார். வாளுக்குக் குனிந்து தப்பித்தவரால் இதற்குக் குனிய முடியவில்லை.

என் வாசிப்பில் அவர் வாழ்க்கையின் மையமான கைவிடுதல் இதுதான். பாபு கைவிட்டது ஒரு ஆண், ஒரு பெண்ணை. இங்கே கைவிட்டது ஒரு கலை அமைப்பு, தன்னைக் கட்டியவளை. இந்த ஏற்பாட்டில் மூன்று தரப்புகள் இருந்தன. குர்முக் ராயின் பணம். பத்ரலோக நாடகக்காரர்களின் படிப்பும் பெயரும். பினோதினியின் உடம்பும் உழைப்பும். முதல் இரண்டும் பேரம் பேசிக்கொண்டன, மூன்றாவதை அடமானம் வைத்து. அடமானப் பொருளின் பெயரைக் கடைப்பலகையில் யார் எழுதுவார்கள்? பரத்தை பெயர் கொண்ட கொட்டகைக்குக் கண்ணியமானவர்கள் வருவார்களா என்ற கவலை இருந்திருக்கும். அந்தக் கண்ணியமானவர்கள் பார்க்க வந்ததே அந்தப் பரத்தையைத்தான் என்பது வேறு விஷயம். அவளைப் பார்க்கலாம், அவள் பெயரைச் சொல்லக் கூடாது. பார்வைக்கு உரியவளுக்குப் பெயர் வேண்டாம் என்பதுதான் இந்தப் பொருளாதாரத்தின் விதி.

1883 ஜூலை 21. 'தக்ஷ யக்ஞம்' நாடகத்தோடு ஸ்டார் திறக்கிறது. பினோதினி சதியாக நடிக்கிறார், தன் தகப்பன் வீட்டு யாகத்தில் அழைப்பின்றி அவமானப்பட்டு உயிரைவிடும் சதி. கொஞ்ச நாளிலேயே அவரைக் கொட்டகையை விட்டு ஒதுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது. பிறகு கிரீஷ் தலையிட்டுச் சரிசெய்கிறார். குர்முக் ராய் உடல்நலக் குறைவாலும் உறவுக்காரர்களின் நெருக்கடியாலும் தியேட்டரைக் கைகழுவ நினைக்கிறார். போகும்போது பினோதினிக்கு உரிமை தர விரும்புகிறார். இந்த இடத்தில் கிரீஷ் பினோதினியின் அம்மாவிடம் பேசுகிறார்: நிர்வாகச் சுமை நமக்கு எதற்கம்மா, யாராவது சுமக்கட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்கிற தோரணையில். அம்மாவும் ஒத்துக்கொள்கிறார். 11,000 ரூபாய்க்குக் கொட்டகை கைமாறுகிறது. வாங்கிய நால்வரும் அமிர்தலால் மித்ரா, அமிர்தலால் பாசு, ஹரிபிரசாத் பாசு, தாசுசரண் நியோகி. எல்லோரும் தியேட்டர் ஆட்கள், பினோதினியின் சகாக்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் 50,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லி எழுப்பிய கொட்டகை, 11,000 ரூபாய்க்கு நான்கு ஆண்களுக்குச் சொந்தமாகிறது. அவருக்குச் சம்பளம் உண்டு. பங்கு கிடையாது. பெயரும் கிடையாது.

6

1884 ஆகஸ்டில் 'சைதன்ய லீலை'. சைதன்யராகப் பினோதினி. ஊரே அழுதது. செப்டம்பர் 21ஆம் தேதி ராமகிருஷ்ண பரமஹம்சர் நாடகம் பார்க்க வந்தார், பினோதினியை ஆசீர்வதித்தார். அடுத்த வருஷம் அவர் நோயில் கிடந்தபோது, பெண்கள் போய்ப் பார்க்க முடியாத நிலையில், பினோதினி ஐரோப்பியத் துரை மாதிரி கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவந்தார். வாழ்க்கையில் போட்ட நல்ல வேஷங்களில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆசீர்வாதம் பினோதினிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் எழுத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஊர் தொடத் தயங்கிய தலையில் ஒருவர் கை வைத்தார். அதைக் கொச்சைப்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஆசீர்வாதத்தை வரலாறு எழுதியவர்கள் பயன்படுத்திய விதம் வேறு. 'வீழ்ந்தவள் மீட்கப்பட்டாள்' என்று கதை முடிக்கப்பட்டது. மீட்சி வந்துவிட்டால் கூலியும் பங்கும் பெயரும் பற்றிய கேள்விகள் சில்லறையாகிவிடுகின்றன அல்லவா? மேடை புனிதமானது, கிரீஷ் பக்தரானார், பொதுநாடகம் மரியாதை பெற்றது. அந்த மரியாதையைத் தன் உடம்பால் சம்பாதித்துக் கொடுத்தவர் இரண்டே வருஷத்தில் வெளியே போய்ட்டார். 1887 ஜனவரி முதல் தேதி கடைசி நாடகம். வயது 23 அல்லது 24. தியேட்டர்காரர்களின் வஞ்சனை நெஞ்சை அறுத்ததை அவர் எழுதுகிறார். மற்றக் காரணங்களைக் கோடிகாட்டிவிட்டுப் போகிறார்.

பிறகு வேறொரு கனவானின் ஆதரவில் நீண்ட வாழ்க்கை. ஒரு மகள், சகுந்தலா. பள்ளிக்கூடத்தில் சேர்க்க முயன்றபோது, பிறப்பைக் காரணம் காட்டித் தடுத்தார்கள். 1904இல் 13 வயதில் அந்தக் குழந்தை இறந்தது. பிறகு அந்தக் கனவானும் இறந்தார்.

7

எஞ்சியது எழுத்து. 1896இலும் 1905இலும் கவிதை நூல்கள். 1910இல் ஒரு நாடகப் பத்திரிகையில் தன் கதையை எழுத ஆரம்பித்தார். 1912இல் 'ஆமார் கதா' நூலாகிறது. கிரீஷுக்கு எழுதும் கடிதமாக, 'மகாசயரே' என்று விளித்து எழுதப்பட்ட நூல். கிரீஷிடம் முன்னுரை கேட்டார். அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, நடந்த உண்மைகள் இதில் இல்லை என்று திருப்பிக் கேட்டார் சிஷ்யை! வேறு எழுதித் தருவதாகச் சொன்ன கிரீஷ் அதற்குள், 1912 பிப்ரவரியில், காலமானார். அடுத்த பதிப்பில் அந்தப் பழைய முன்னுரையையே சேர்த்து வெளியிட்டார் பினோதினி. சமூகத்தின் மீது கடுமையாகக் குற்றம்சாட்டாமல் எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்பது அந்த முன்னுரையில் குருவின் வருத்தம். வாசகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இந்தப் பிரதியை வாசிப்பது சுலபமில்லை. பிறவித் துக்கக்காரி, பாவி, இழிந்தவள் என்று பத்திக்குப் பத்தி தன்னையே தாழ்த்திக்கொள்கிறார். பெண்ணிய நண்பர்கள் சிலருக்கு இது சங்கடமாக இருக்கிறது. ஆனால் கவனமாகப் பாருங்கள். 'நான் இழிந்தவள்' என்ற வாக்கியத்துக்கு அடுத்து, எங்களை இழிந்தவர்களாக்கியவர்கள் யார், வெளிச்சத்தில் வெறுத்துவிட்டு இருட்டில் வாசலுக்கு வருபவர்கள் யார் என்ற கேள்வி வருகிறது. பணிவு என்பது இங்கே நுழைவுச் சீட்டு. அதைக் காட்டினால்தான் பரத்தைக்கு எழுத்து என்னும் கொட்டகைக்குள் இடம். உள்ளே வந்துவிட்டால் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறார். 1924-25இல் அவர் மறுபடி எழுதத் தொடங்கிய, முடியாமல் நின்றுபோன இன்னொரு நினைவுத் தொடரில் இந்த அழுகுரல் வெகுவாகக் குறைந்து, ஒத்திகை, உடை, பயணம், சக நடிகைகள் என்று தொழில் பற்றிய பேச்சே நிறைகிறது. சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியிருக்கலாம்.

இன்னொன்று. வாளோடு வந்த பாபுவின் பெயரைப் பினோதினி எழுதவில்லை என்றேன். கடைசிவரை ஆதரித்த கனவானின் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் குடும்ப மானம் அவர் கையில் பத்திரமாக இருந்தது. ஆண்களின் பெயரை அவர் காப்பாற்றினார். அவர் பெயரை ஆண்கள் காப்பாற்றவில்லை.

8

நம் பக்கம் ஒரு பார்வை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் தன் பெயரிலேயே நாடகக் கம்பெனி நடத்தினார். பெண்களே நடித்த கம்பெனி. பலகையில் அவர் பெயர் இருந்ததற்குக் காரணம் எளிமையானது: பங்குபோட கனவான்கள் இல்லை, முதலாளி அவரே. குழந்தைக் கல்யாணம் முறிந்து நாடகக் கம்பெனிக்கு வந்த டி.பி. ராஜலட்சுமி 1931இல் 'காளிதாஸ்' படத்தின் நாயகியானார். 1936இல் தன் பெயர் ஒலிக்கும் ராஜம் டாக்கீஸ் மூலம் 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கினார். எனவே, பெயர் வைப்பது முடியாத காரியமாக எங்கேயும் இருந்ததில்லை. சொத்து யார் கையில் என்பதே கேள்வி. நாம் இவர்களையும் 'பாவம், கணவன் கைவிட்ட பெண்' என்றுதான் ஆரம்பிக்கிறோம். கம்பெனி நடத்தியதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிறோம்.

2024 டிசம்பர் கடைசியில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, ஸ்டார் தியேட்டர் இனி பினோதினி தியேட்டர் என்று அறிவித்தார். 141 வருஷம் கழித்து வாக்கு நிறைவேறியது என்று எழுதினார்கள். சந்தோஷம்தான். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பெயர் சூட்டப்பட்ட கட்டடம் ஹாதிபாகானில் இருப்பது. பீடன் தெருக் கொட்டகை கைநழுவிய பிறகு ஸ்டார்காரர்கள் 1888இல் அங்கே புதிதாகத் திறந்தது; 1991இல் எரிந்து 2004இல் மறுபடி எழுந்தது. பினோதினி மேடையை விட்டது 1887இல். அந்தக் கட்டடத்து மேடையில் அவர் ஒரு நாள்கூட நடித்ததில்லை. அவர் மண் சுமந்த கொட்டகை எப்போதோ இல்லாமல் போய்விட்டது.

பெயர் வந்துவிட்டது, கொட்டகைதான் இல்லை. உயிரோடிருந்தபோது கொட்டகை இருந்தது, பெயர் இல்லை. கைவிடப்பட்ட பெண்களுக்காகக் கண்ணீர் விடத் தெரிந்த நாம், அவர்கள் வேலை செய்த இடங்களில் இன்றைக்குப் பங்கும் பெயரும் யாருக்கு இருக்கிறது என்று கேட்கிறோமா? நம் நாடகக் குழுக்களில், நம் இயக்கங்களில், நாம் நடத்துகிற சிறுபத்திரிகைகளில்? மண் சுமக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.